துருப்பிடித்த பழைய காடி: முழுசாக விற்பதா, கழற்றி விற்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் எந்தக் கம்பத்துக்குள் போனாலும் ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையில் பழைய காடி ஒன்று நிற்கும். மோரிஸ் மைனர், டட்சன் 120ஒய், ஃபோக்ஸ்வேகன் பீட்டல், மெர்சிடிஸ் டபிள்யூ123 என்று ஏதோ ஒன்று. விற்கலாம் என்று வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு யோசனை வரும். "அப்படியே தள்ளிவிடு" என்பார் ஒருவர். "கழற்றி வித்தா டபுள் காசு" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பட்டர்வொர்த் பக்கம் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிரான் (காடியின் பதிவுச் சான்று) சுத்தமாக இருந்தால் முழுசாக விற்பதுதான் பெரும்பாலானோருக்கு லாபம்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? துருவைத்தானே?

இல்லை, கிரானை. துருவைக் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். பதிவு இல்லாத காடிக்கு எவ்வளவு காசு கொட்டினாலும் சாலையில் ஓட்ட முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் போனெட்டைத் திறக்கும் முன்பே "கிரான் இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

மூன்றைச் சரிபாருங்கள். கிரானில் இருக்கும் பெயர் யாருடையது? அதில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காடியில் உள்ளவையும் ஒன்றா? கட்டாத சம்மன், முடிக்காத வங்கிக் கடன் போன்ற தடைகள் ஏதும் உண்டா?

எஞ்சின் எண்ணில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். பழைய எஞ்சின் வீணாய்ப் போனதும் அந்தக் காலத்தில் வேறொன்றைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிந்திருக்க மாட்டார்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் இரண்டு எண்களையும் பார்ப்பார்கள் என்பதால் அப்போது விஷயம் வெளியே வந்துவிடும்.

சேசிஸ் எண் பெரும்பாலான பழைய காடிகளில் எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவில் உள்ள தகரத்தில் இருக்கும். அதைத் துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டுப் பழைய பல் துலக்கியால் மெல்லத் துடையுங்கள், தெரிந்ததும் படம் எடுத்து வையுங்கள். தெரியாத எழுத்தைத் தட்டிப் புதுப்பிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி அது குற்றம்.

கிரான் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். விற்கலாமா?

விற்கலாம், ஆனால் முதலில் சொத்து வேலை முடிய வேண்டும். அப்பா விட்டுப்போனது அசையும் சொத்து மட்டும்தான், அதன் மொத்த மதிப்பும் 600,000 வெள்ளிக்கு மேல் போகவில்லை என்றால் அமானா ராயா என்ற பொது அறங்காவலர் நிறுவனத்திலேயே மனுப் போடலாம். வீடு, நிலமும் இருந்தால் நில அலுவலகம் அல்லது நீதிமன்றம் வழியாகப் போக வேண்டும். அந்த உத்தரவை வைத்துத்தான் ஜேபிஜேவில் பெயர் மாற்றம் நடக்கும்.

இது முடியும் முன்பே அவசரப்பட்டுக் கழற்றி விற்கிறவர்கள் உண்டு. அண்ணன் தம்பிகளுக்குள் பிறகு வரும் பேச்சு, கிடைத்த காசைவிடப் பெரிதாக இருக்கும். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சம்மதிக்கும்வரை ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாதீர்கள்.

எந்தத் துரு பரவாயில்லை, எந்தத் துருவுக்குப் பயப்பட வேண்டும்?

கண்ணுக்குத் தெரிகிற துரு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. கதவின் கீழ் விளிம்பு, போனெட்டின் முனை, பூட் மூடி இவை எல்லாம் கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள். வேறு கதவு கிடைத்தால் மாட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் வெட்டி ஒட்டுப் போடலாம்.

பயப்பட வேண்டியது அடியில் இருப்பதற்கு. மோரிஸ் மைனர், 120ஒய், டபிள்யூ123 மூன்றுக்கும் தனி அடிச்சட்டம் (ஃபிரேம்) கிடையாது, உடல் தகரமே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் என்ற பெட்டித் தகரம், தரை, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம், முன் தூணின் அடிப்பகுதி ஆகியவை உளுத்துப்போனால் காடி வளையத் தொடங்கும். மோரிஸில் முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டத்தை அவசியம் பாருங்கள். முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியின் பின்முனையைப் பிடித்திருப்பது அதுதான். மரச்சட்டம் வைத்த டிராவலர் மாடலில் அந்த மரமும் பாரம் தாங்குகிறது. அதை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

பீட்டல் வேறு மாதிரி. அதன் தரைத்தட்டு தனி, உடல் தனி, இரண்டையும் போல்ட்டால் இணைத்திருப்பார்கள். தட்டு போயிருந்தாலும் மேல் உடல் நன்றாக இருந்தால் வாழ்வு உண்டு.

ஒரு சுலபமான சோதனை: நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிய பிறகு, எதுவும் அடியில் நழுவாது என்று உறுதி செய்துகொண்டு, மறுபடியும் மூடிப் பாருங்கள். முன்பு நன்றாக மூடிய கதவு இப்போது இடித்தால் உடல் வளைகிறது என்று அர்த்தம். சரி, ஜாக்கி வைத்த இடமே உள்ளே போய்விட்டால் அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை.

சாயம் நன்றாகத்தான் இருக்கிறது. அடியில் துரு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். பின் சக்கர வளைவு, சில், முன்கண்ணாடியின் கீழ் மூலை, விளக்கைச் சுற்றிய இடம் என்று மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகரத்தில் காந்தம் இழுத்துப் பிடிக்கும். துருவை மறைக்கப் புட்டி (நிரப்புப் பசை) தடவிய இடத்தில் பிடி தளரும், புட்டி கனமாக இருந்தால் கையிலிருந்து நழுவும். அப்புறம் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். தகரம் கணீர் என்று பேசும், புட்டி தொப்பென்று அடங்கும். பட்டர்வொர்த்தில் ஒரு மோரிஸின் சில்லை இப்படித் தட்டியபோது புட்டி பெயர்ந்து, அதற்குப் பின்னால் சுருட்டித் திணித்திருந்த பழைய தமிழ் நேசன் பத்திரிகைத் தாள் எட்டிப் பார்த்தது. தாளில் செய்தியைப் படிக்க முடிந்தது. தாளுக்குப் பின்னால் இருந்த தகரம்தான் தூளாகிப்போயிருந்தது.

தரை விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். நம் ஊரின் ஈரமும் கடற்காற்றும் போதாதென்று, முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைநீர் நேராக விரிப்புக்கு அடியில் இறங்கும். புல்தரையில் நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடிய காடிகளின் அடிப்பாகம் இன்னும் மோசமாக இருக்கும். ஈரம் வெளியே போக வழியே இல்லை.

கழற்றி விற்றால் கூடுதல் காசு என்கிறார்களே, உண்மையா?

காகிதத்தில் உண்மை. ஒரு கணக்கைப் பார்ப்போம். நின்ற இடத்திலேயே ஒருவர் 6,000 வெள்ளி தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்து கதவு, கண்ணாடி, மீட்டர், விளக்கு, கியர்பாக்ஸ் என்று பட்டியல் போடுகிறீர்கள், கூட்டினால் 11,000 வருகிறது. மனம் சஞ்சலப்படும்தான்.

ஆனால் அந்தப் பட்டியல் ஒரே நாளில் விற்காது. மீட்டரும் பின்விளக்கும் பம்பரும் முதல் வாரமே போய்விடும். கதவுகளும் சீட்டுகளும் உங்கள் வீட்டு வராந்தாவில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் பத்துப் பேர் வாட்சாப்பில் விலை கேட்பார்கள், ஒருவர்தான் வருவார், அவரும் பாதி விலைதான் சொல்வார். கழற்றும்போது உடைகிறவை, ஸ்குரூ துருவில் இறுகி அறுந்துபோகிறவை, அனுப்பும் செலவு, போமெனுக்கு (மெக்கானிக்) கொடுக்கும் கூலி எல்லாம் கழிய வேண்டும். கடைசியில் சக்கரம் இல்லாத வெற்று உடல் ஒன்று கொல்லையில் மிஞ்சும். அதை இழுத்துப்போக லோரிக்காரருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டி வரும்.

அந்த 11,000-இல் பாதி கைக்கு வரும் என்று போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. இங்கே அது 5,500தான். உங்கள் பட்டியலின் பாதி, முழுசாகக் கேட்கும் விலையைத் தாண்டினால், நிழலான இடம், கருவிகள், பொறுமை மூன்றும் உங்களிடம் இருந்தால், கழற்றுங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் 6,000-ஐ வாங்கி எண்ணி உள்ளே வையுங்கள்.

எந்த மாடலைக் கழற்றினால் கட்டுப்படியாகும்?

புதுப் பாகம் கடையில் கிடைக்கும் காடியைக் கழற்றுவதில் பெரிய பலன் இல்லை. 1948 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனருக்குப் பிரிட்டனில் இன்றும் புதுத் தகரம், ரப்பர், பிரேக் சாமான் எல்லாம் செய்கிறார்கள். பீட்டல் இரண்டு கோடிக்கு மேல் ஓடிய காடி, மெக்சிகோவில் 2003 வரை தயாரித்தார்கள், அதற்கும் பாகப் பஞ்சம் கிடையாது. அதனால் இவற்றில் விலை போவது அசல் சாமான்தான்: மோரிஸில் ஸ்மித்ஸ் மீட்டர், லூகாஸ் விளக்கு, எஸ்யூ கார்புரேட்டர், இரண்டிலும் அந்தக் கால ஸ்டீரிங்.

டட்சன் 120ஒய் கதை வேறு. அதில் இருப்பது 1171 சிசி ஏ12 எஞ்சின். அந்த எஞ்சினைத் தேடித் திரிகிறவர்கள் நிறைய. ஆனால் கிரில், வால்விளக்கு, கதவு உள்புற அட்டை, டாஷ்போர்டு ஆகியவை புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெயிலில் வெடிக்காத டாஷ்போர்டு ஒன்று உங்களிடம் இருந்தால் விலையை நீங்கள்தான் சொல்லலாம். அடித்தட்டு முழுசாகப் போன நான்கு கதவு 120ஒய் என்றால் கழற்றுவதை நானே சொல்வேன். இரண்டு கதவு அல்லது கூபே என்றால் எவ்வளவு துருவானாலும் முழுசாகவே விளம்பரம் போடுங்கள், அந்த உடலுக்காகவே தேடி வருவார்கள்.

டபிள்யூ123 ஏறத்தாழ 27 லட்சம் வெளிவந்த காடி, நிறுவனமே இன்னும் பாகம் விற்கிறது. நல்ல டீசல் எஞ்சின், அலாய் ரிம், பெக்கர் வானொலி, உடையாத உட்புற மர அலங்காரம் இருந்தால் மட்டும் கழற்றல் பற்றி யோசிக்கலாம்.

ஆரம்பகாலப் புரோட்டோன் சாகாவைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். இது கணக்கல்ல, என் ஆசை. 1985 ஜூலை 9-இல் அறிமுகமான காடி, அதே ஆண்டு பினாங்குப் பாலத் திறப்பில் அன்றைய பிரதமர் மகாதீர் அதில்தான் பாலத்தைக் கடந்தார். நம் கண்முன்னே டாக்சியாகவும் பட்டறைக் காடியாகவும் அடிபட்டு அழிந்ததால் முழுசாக நிற்பவை குறைந்துவிட்டன.

வெளியூர்க்காரர்கள் நல்ல விலை தருவார்களா?

சின்னச் சாமானுக்குத் தருவார்கள். முன்கண்ணாடி, போனெட், கதவு போன்றவற்றை அனுப்புவதே பெரும்பாடு. அதனால் அவற்றுக்கு உள்ளூர் ஆள்தான் கதி, அதே காரணத்தால் அவர்தான் நல்ல விலையும் தருவார். கண்ணாடியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, அடியில் பழைய டயர் ரப்பர் வைத்துச் சாத்தி வையுங்கள்.

எண் தட்டுக்கும் விலை உண்டாமே?

உண்டு. எழுத்தும் இலக்கமும் குறைவான பழைய பினாங்கு எண் என்றால் சில நேரம் காடியைவிட எண்ணுக்கே கிராக்கி அதிகம். பதிவு எண்ணை வேறு காடிக்கு மாற்ற ஜேபிஜேவில் முறைப்படி வழி இருக்கிறது. காடியின் பதிவை ரத்துச் செய்ய விண்ணப்பிக்கும் முன்பே எண்ணை என்ன செய்வது என்று கவுண்டரில் கேட்டு முடிவெடுத்துவிடுங்கள்.

ஆனால் எண்ணைத் தனியே பிரித்தால் முழுக் காடியின் விலை இறங்கும். காடியின் வயதோடு ஒத்துப்போகும் எண்ணைச் சேகரிப்பாளர்கள் விட மாட்டார்கள். கோலாலம்பூர்க் காடிகளில் இதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்: கூட்டரசுப் பிரதேசம் பிறந்ததே 1974 பிப்ரவரி 1-இல்தான், அதற்கு முன் அங்கே சிலாங்கூர் எண்தான். 1965 மோரிஸில் கோலாலம்பூரின் டபிள்யூ எண் தொங்கினால் அது பிறகு வந்து சேர்ந்தது.

"காடி வேண்டாம், கிரானும் சேசிஸ் எண் உள்ள தகரமும் மட்டும் போதும்" என்று ஒருவர் நல்ல விலை சொல்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. எவ்வளவு சொன்னாலும் கூடாது.

அவருக்கு உங்கள் காடியின் அடையாளம் வேண்டும். திருட்டுக் காடிக்கோ, கள்ளமாக உள்ளே வந்த காடிக்கோ அந்தத் தகரத்தை வெட்டி ஒட்டி, உங்கள் கிரானைக் காட்டி ஓட்டுவார்கள். பொத்தோங் சம்போங் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வியாபாரம்தான் இது. பிடிபடும் நாளில் பதிவில் இருக்கும் பெயர் உங்களுடையது, முதலில் வரும் அழைப்பும் உங்களுக்கு. "அங்கிள், எல்லாம் நான் பார்த்துக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். போடாதீர்கள். உடலும் கிரானும் சேர்ந்தே போக வேண்டும், அல்லது சேர்ந்தே அழிய வேண்டும்.

நல்ல சாமானை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியை முழுசாக விற்கலாமா?

அதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. மீட்டரும் கிரில்லும் இல்லாத காடியைப் பார்க்கிறவர், அதைத் தேடி வாங்கும் செலவை இரண்டு மடங்காக மனத்தில் கழிப்பார். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஒன்றில் நில்லுங்கள்.

ரிப்பேர் செய்து, சாயம் அடித்து விற்றால்?

வேண்டாம். தகரம் தட்டுகிறவருக்குக் கொடுக்கும் காசு விலையில் திரும்ப வராது. புதுச் சாயத்தைப் பார்த்தாலே வாங்குகிறவருக்கு "அடியில் எதை மறைக்கிறார்?" என்று சந்தேகம் வரும். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உள்ளே இருக்கும் குப்பையை அள்ளுங்கள், டயரில் காற்று அடித்துத் தள்ளினால் உருளும்படி செய்யுங்கள். உருளும் காடிக்கும் உருளாத காடிக்கும் விலை வேறு.

எங்கே விற்பது? என்ன விலை சொல்வது?

மூடா விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் அதே மாடல் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், ஆனால் போட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. ஒரே காடி மாதக்கணக்கில் அதே விலையில் கிடந்தால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று பொருள். அந்தந்த மாடலுக்கான வாட்சாப் குழுக்களில் போடுவது பொதுவிளம்பரத்தைவிட நல்லது. அங்கே இருப்பவர்களில் ஒருவர் ஏற்கெனவே அதே காடியை வைத்துக்கொண்டு பாகத்துக்கு அலைந்துகொண்டிருப்பார். அவருக்கு உங்கள் காடியை முழுசாகக் கொடுத்தால், கழற்றும் தலைவலி அவருடையது.

லோரோங் கூலிட் காலைச் சந்தையில் சின்னப் பாகங்கள் கைமாறும். ஆனால் அங்கே விற்கப் போனால் மலிவாகத்தான் கேட்பார்கள், மலிவாக வாங்கத்தானே எல்லாரும் அங்கே போகிறோம்.

விளம்பரத்தில் துருவின் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். அடிப்பாகம், சில், சேசிஸ் எண் இருக்கும் இடம் எல்லாவற்றையும் காட்டுங்கள், எண்ணின் கடைசி இலக்கங்களை மட்டும் மறைத்துவிடுங்கள். துருவை முன்பே பார்த்துவிட்டு வருகிறவர் நேரில் வந்து விலையை உடைக்க மாட்டார்.

கழற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதில் தொடங்குவது?

பெட்ரோல் தொட்டியில். பல ஆண்டு நின்ற காடியின் தொட்டியில் பெட்ரோல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், பற்றிக்கொள்ள அதுவே போதும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், அப்புறம் தொட்டியை வெளியே எடுத்துத் தூரமாக வையுங்கள். தொட்டி உள்ளே இருக்கும்போது யாரும் கிரைண்டரோ கேஸ் வெட்டியோ பிடிக்கக் கூடாது.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். கறுப்பு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படி குற்றம், பட்டறைகளில் அதைச் சேகரிக்கிறவர்களிடம் கொடுங்கள். ரேடியேட்டர் செம்பு, பித்தளை என்றால் இரும்போடு சேர்த்து எடை போடாதீர்கள், அதன் விலை தனி.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுத்து, அதன் ஸ்குரூக்களைச் சின்னப் பையில் போட்டு அதிலேயே கட்டிவிடுங்கள். ஸ்குரூவோடு வரும் கதவுப்பிடிக்கும் ஸ்குரூ இல்லாத கதவுப்பிடிக்கும் இருக்கும் விலை வித்தியாசம் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

நாட்களை இழுக்காதீர்கள். பாதி கழற்றிய காடியில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரி அபராதச் சீட்டோடு வருவார். அண்டை வீட்டுக்காரர் அதற்கு முன்பே வருவார்.

மிஞ்சிய வெற்று உடலை என்ன செய்வது?

பழைய இரும்புக் கடைக்கு அப்படியே தூக்கிக் கொடுத்தால் பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும். பதிவை ரத்துச் செய்துதர அனுமதி பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இருக்கின்றன, ஜேபிஜேவில் கேட்டால் சொல்வார்கள். சேசிஸ் எண் உள்ள பகுதியை வெட்டி எடுக்காமல் உடலோடு ஒப்படையுங்கள். இரும்புக் காசைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்: 120ஒய் முழுசாகவே ஏறக்குறைய 800 கிலோதான், கழற்றியதும் மிஞ்சுவது அதில் ஒரு பங்கு.

2017 நவம்பர் வெள்ளத்தில் மூழ்கிய காடி. சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். சீட் அடியில் காய்ந்த சேறு எப்படியும் சொல்லிவிடும். மூழ்கிய காடியின் கண்ணாடி, குரோம், விளக்குக் கூடு விலை போகும், வயரிங்கை யாரும் தொட மாட்டார்கள்.

முழுசாக விற்றுவிட்டேன், ஆள் லோரியில் ஏற்றிப் போய்விட்டார். இனி எனக்கு வேலை இல்லையே?

இருக்கிறது. பெயர் மாற்றம் முடியாமல் காடியை ஏற்றி அனுப்பியிருந்தால் நாளைக்கே அவரைக் கூப்பிடுங்கள். காடி நகராத நிலையில் இருந்தால் பரிசோதனைக்கு இழுவை லோரியில் கொண்டுபோக வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். காசு முழுசாகக் கைக்கு வந்த பிறகு இருவரும் ஒரே நாளில் ஜேபிஜேவுக்குப் போய்க் கைரேகை வைத்து முடிப்பது நல்லது. "பிறகு மாத்திக்கிறேன்" என்று கிரானை மட்டும் வாங்கிப் போகிறவரிடம் கையெழுத்திட்ட ஒப்புகை, அடையாள அட்டை நகல், காடியோடு அவர் நிற்கும் படம் மூன்றையும் வாங்காமல் அனுப்பாதீர்கள். பெயர் மாறியதும் புதுப் பதிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள், காப்புறுதி மிச்சம் இருந்தால் அதை ரத்துச் செய்து மீதிப் பணத்தையும் கேளுங்கள்.